விலகல் தடுப்புப் பிரிவு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, சொல்பவர் தம் இரண்டு கண்கள் மீதும் மிச்சமிருக்கிற பற்கள் மீதும் சத்தியம் செய்கிறார். கண் காது மூக்கு வைத்துச் சொல்லும் பழக்கம் அவருடைய வம்சத்திலேயே கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்துபோய் வேறு வேலை இருந்தால் பார்க்கலாம்; வருத்தம் இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் சந்தேகம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு தையல்காரர் இருந்தார். ரயில்வே கேட்டை ஒட்டி ஒரே ஓர் அறை. முன்பாதி கடை, பின்பாதி வீடு, நடுவில் பழைய போர்வை ஒன்று திரையாகத் தொங்கியது. ஊரில் அவருக்குக் காற்றோட்டம் என்று பெயர். அவர் தைத்த சட்டைக்குள் ஆளும் இருப்பார், காற்றும் இருக்கும். யாராவது முகத்தைச் சுளித்தால், "மனுஷன் சாப்பிட்டதுக்கு அப்புறமும் அதைத்தானே போட்டுக்கணும்?" என்று கேட்பார். கேட்டவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவருக்கு ஒரே மகள். மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை சட்டையைத் தம் கையாலேயே தைத்தார். மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு, நாலு பேர் முன்னால், "மாமா, இதுல இன்னொரு மாப்பிள்ளைக்கும் இடம் இருக்கே!" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரர் சிரிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னார், மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னான், மகள் மாப்பிள்ளை பக்கம் போய் நின்றாள். அன்று போனவள்தான். சட்டையில் இருந்த இடம் மனசில் இல்லாமல் போயிற்று.

இப்படி இருக்கும்போது தையல்காரரின் மனைவி படுக்கையில் விழுந்தாள். டாக்டர் வந்து பார்த்தார். பிறகு திரைக்கு இந்தப் பக்கம் வந்து, தையல் மிஷினிடம் சொல்வதுபோல, "பாக்க வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார்.

பார்க்க வேண்டியவள் ஒருத்திதான். அவளோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஆறு சாதாரண ஆறு இல்லை. அக்கரையில் ஒருவர் தும்மினால் இக்கரைக்குச் சத்தம் வந்து சேர்வதற்குள் அவருக்கு ஜலதோஷம் சரியாகிவிடும். தாண்டிப் போக ரயில் பாலம் ஒன்றுதான் வழி. ரயில் வந்த அன்றைக்கே படகுக்காரர் படகை உடைத்து விறகாக்கிவிட்டார். அந்த ரயிலும் இப்போது ஓடவில்லை.

எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் அம்மாள்தான் மகளுக்குப் போன் செய்தாள். தகப்பனார் செய்யவில்லை, அவர் கையில் ஊசி இருந்தது.

"வண்டி ஓட ஆரம்பிச்சதும் முதல் வண்டியில வர்றேன்க்கா," என்றாளாம் மகள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாளா என்று தையல்காரர் கேட்கவில்லை. இஸ்திரிக்காரியும் சொல்லவில்லை. ஆனால் தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் நின்றுபோனதற்குக் காரணம், கேட்டைத் தாண்டி இருக்கும் வளைவு. வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் சக்கரம் வெளிப்பக்கத் தண்டவாளத்தை முட்டித் தள்ளும். அடியில் இருக்கும் கட்டை உளுத்து, ஆணி தளர்ந்துவிட்டால் தண்டவாளம் நகரத் தொடங்கும். ஒரே நாளில் நகராது. இன்றைக்கு ஒரு மயிரிழை, மழைக்கு அப்புறம் இன்னொரு மயிரிழை. பார்த்தால் தெரியாது. ஒருநாள் சக்கரம் உட்கார இடமில்லாமல் இரண்டுக்கும் நடுவில் தரையில் இறங்கிவிடும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் குறுக்கே இரும்புக் கம்பி போட்டு, இரண்டு முனையிலும் மரை முடுக்கி, இரண்டு தண்டவாளத்தையும் இழுத்துப் பிடித்து வைப்பார்கள். சட்டைக்குப் பித்தான் மாதிரி. தையல்காரருக்கு இது உடனே புரிந்தது. புரியாதது, பித்தான் வைக்க ஏன் இத்தனை நாள் என்பதுதான்.

அதைக் கேட்கத்தான் அவர் ரயில் பாதை அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே விலகல் தடுப்புப் பிரிவு என்று ஒரு பிரிவு இருந்தது. தண்டவாளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆனால் அந்தப் பிரிவே விலகிவிட்டது. ஒரே மின்விசிறியை யார் மேஜைக்கு மேல் மாட்டுவது என்பதில் மனஸ்தாபம் வந்து, உள் தண்டவாளப் பிரிவு, வெளித் தண்டவாளப் பிரிவு என்று இரண்டாகப் பிரிந்து, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். மின்விசிறி வெளியே நடையில் தொங்கியது. அங்கே யாரும் உட்காருவதில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

தையல்காரர் முதலில் உள் பிரிவு அதிகாரியிடம் போனார்.

"எங்க தண்டவாளம் போட்டது போட்டபடி இருக்கு," என்றார் அதிகாரி. "இம்மி நகரல. வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க."

"தண்டவாளத்துக்கிட்டயா சார்?"

"யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. நமக்கு ஒளிவுமறைவு கிடையாது."

அடுத்த கதவு. வெளிப் பிரிவு அதிகாரி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"எங்க தண்டவாளம் நகர்ந்துச்சுன்னு யாரு சொன்னது? அந்தப் பக்கத்து ஆளா? அது எங்க இருக்கோ அங்கதான்யா இருக்கு. வேற எங்க இருக்கும்?"

"ரெண்டும் அதது இடத்துல இருந்தா, நடுவுல எப்படி சார் அகலமாச்சு?"

அதிகாரி குச்சியை எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நடுவா? நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கு ஒரு பிரிவு வெச்சு, ஆள் போட்டு, சம்பளம் குடுக்கச் சொல்றீங்களா? ஜனங்க வரிப்பணம்யா அது."

தையல்காரர் நடைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அழுகை வந்தது. பல காலம் கழித்து அந்த விசிறிக்கடியில் ஒரு மனிதர் நிற்கிறார் என்ற செய்தி மாடிக்குப் போயிற்று. இரண்டு பிரிவுக்கும் தலைவரே இறங்கி வந்துவிட்டார். தலைவர் பருத்த மனிதர். படியில் இறங்கும்போது கைப்பிடி முனகியது. அவர் கண்ணில் முதலில் பட்டது தையல்காரரின் கழுத்தில் தொங்கிய அளவு நாடா.

"நீங்க உள்ளா, வெளியா?"

"நான் தையக்காரன் சார்."

"அப்போ ரெண்டும் இல்ல!" தலைவர் முகம் மலர்ந்தது. "இத்தனை வருஷமா இப்படி ஒரு ஆளைத்தான்யா தேடிட்டிருந்தோம்!"

விஷயம் இதுதான். இடைவெளியை அளக்க அலுவலகத்தில் இரும்புக் கோல் ஒன்று இருந்தது. பாகம் பிரித்தபோது அதை நடுவில் அறுத்து ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்கொண்டார்கள். அரைக் கோலால் அளந்தால் எந்த இடைவெளியும் தப்பாகத்தான் வரும். அதனால் இடைவெளி என்ற பேச்சையே விட்டிருந்தார்கள். இப்போது முழுசாக ஒரு நாடா, அதுவும் பிரிவு எதையும் சேராத ஒருவரின் கழுத்தில். அங்கேயே, அப்போதே, தையல்காரரைக் கௌரவ இடைவெளி அளவராக நியமித்தார்கள். அவர் மறுக்கப் பார்த்தார். அளந்தால் வண்டி ஓடும் என்றார்கள். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் எல்லோரும் வளைவுக்குப் போனார்கள். உள் பிரிவினர் உள் தண்டவாளத்துக்கு உள்பக்கமாகவும், வெளிப் பிரிவினர் வெளித் தண்டவாளத்துக்கு வெளிப்பக்கமாகவும் குடை பிடித்து நடந்தார்கள். நடுவில் நடக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தையல்காரர் மட்டும் நடந்தார். அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கத்து ஆளிடம் தீப்பெட்டி கேட்பதாக இருந்தாலும் தையல்காரரிடம் சொல்லித்தான் கேட்டார்கள்.

தலைவர் நடுநிலையாக நிற்க ஆசைப்பட்டு, ஒரு காலை இந்தத் தண்டவாளத்திலும் மறு காலை அந்தத் தண்டவாளத்திலும் வைக்கப் பார்த்தார். அது சின்ன வண்டி ஓடும் சின்னப் பாதை. ஆனாலும் கால் எட்டவில்லை.

நிழலில் படுத்திருந்த, பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் தலையை மட்டும் தூக்கி, "போன வருஷம் எட்டுச்சே சார்," என்றான்.

"எனக்கும் வயசாகுதுல்லய்யா," என்றார் தலைவர்.

தையல்காரர் குனிந்து, நாடாவை ஒரு தண்டவாளத்தின் விளிம்பில் வைத்து, மறு தண்டவாளத்துக்கு நீட்டினார். நீட்டும்போதுதான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த நாடா இழுபட்டு நீண்டுபோன நாடா. மழைக்காலத்தில் காற்றுக்கு அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவை அவர் மனைவி அதைக் கொண்டுதான் இழுத்துக் கட்டுவாள். அது ஓர் அங்குலம் என்று சொன்னால் நிஜத்தில் ஓர் அங்குலமும் கொஞ்சமும் இருக்கும். கடைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அதே நாடாவால் ஆளை அளந்து அதே நாடாவால் துணியை வெட்டுவதால், தப்பும் தப்பும் சரியாகப் போய்விடும். இத்தனை காலம் அந்த நாடா ஒருவரையும் ஏமாற்றியதில்லை.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் தலைவர்.

"சார், இந்த டேப்பு வந்து..."

"டேப்பு என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

தையல்காரர் குனிந்து பார்த்தார். இருக்க வேண்டிய எண்ணில் சொல்லி வைத்தாற்போல வந்து நின்றது தண்டவாளம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ரயில் வருவதும், அதிலிருந்து மகள் இறங்குவதும், திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"சரியா இருக்குன்னு சொல்லுது சார்," என்றார்.

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். பிரிந்த பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த டேப்பு?" என்றாள்.

"என் டேப்புதான்."

"ஜன்னல் டேப்பா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு அவள் முகம் மாறியது. "ஏங்க, அவ அதுமேலதானே வரணும்?"

வண்டி ஓடுவது வரைதான் அவர் நினைத்திருந்தார். எதன் மேல் ஓடும் என்பது இப்போதுதான் உறைத்தது.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா வண்டியை நிறுத்திடுவாங்க. நீ அவளைப் பாக்க வேணாமா?"

"பாக்கணும்னுதான் சொல்றேன். முழுசா பாக்கணும்," என்றாள். "நான் எங்க போயிடப் போறேன். போங்க."

அவர் போனார். அதற்குள் அங்கே நாடாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அரக்கு முத்திரை போட்டு, பக்கத்தில் ஒரு காவலாளையும் நிறுத்தியிருந்தார்கள். துறையின் மூல அளவு இனி அதுதான் என்று உத்தரவு. அதை வைத்து நகல் நாடாக்கள் செய்து எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தார்கள். அளந்தால் எல்லாமே குறைந்திருந்தது. அலுவலக வளாகம் சுருங்கிவிட்டிருந்ததால், பக்கத்துப் பால் டிப்போ நிலத்தைத் திருடிவிட்டது என்று வழக்குப் போட்டிருந்தார்கள். உயரம் குறைந்துபோன ஒரு குமாஸ்தா வேலைக்கே லாயக்கில்லாதவர் ஆகிவிட்டார். அவர் நாற்காலியில் மெத்தை போட்டு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"சார், அது நீண்டுபோன டேப்பு," என்று தையல்காரர் தலைவரிடம் சொல்லிவிட்டார். "நான் அளக்கும்போதே சொல்லியிருக்கணும். பொண்ணு வரணுங்கிற ஆசையில விட்டுட்டேன். தண்டவாளம் விலகித்தான் சார் இருக்கு."

தலைவர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"இந்த அடக்கம் எங்க ஆளுங்களுக்கு இல்லய்யா. ஒரு அளவு மூல அளவான பிறகு அது நீளாது. நீளணும்னா வேற ஒண்ணை வெச்சு அதை அளக்கணும். வேற ஒண்ணு இப்ப எதுவும் இல்ல. அப்ப எப்படி நீளும்?"

"வண்டிக்குத் தெரியும் சார்."

"வண்டி நம்ம துறை இல்ல."

"கம்பியாவது போட்டு இழுத்துக் கட்டுங்க சார். பழசு கொஞ்சம் இருந்துச்சே வளைவுல."

"அது கழட்டியாச்சு. தொடக்க விழாவுக்கு ஜனங்க மேடைகிட்ட வராம இருக்கத் தடுப்பு வேணும்ல? அருமையான கம்பிய்யா. இந்தக் காலத்துல அப்படி எங்க கிடைக்குது."

வெளியே வந்தபோது கேங்மேன் பெருமையாகச் சொன்னான்: "நான்தாண்ணே கழட்டினேன். ஒரு கீறல் இல்லாம எண்ணெய் போட்டுத் துடைச்சுக் குடுத்திருக்கேன். வந்து பாருங்க, மூஞ்சி தெரியும்."

மனைவியிடம் வந்து உட்கார்ந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பாராட்டினாங்க."

"அப்ப அவளை வர வேணாம்னு சொல்லச் சொல்லுங்க."

திரைக்கு அப்பாலிருந்து இஸ்திரிக்காரி போன் செய்தாள். "அம்மாடி, இந்த வண்டியில வர வேணாமாம். அப்பா சொல்லச் சொன்னார்." பிறகு போனைக் காதோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றாள். உள்ளே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவுக்கு இன்னும் அந்தச் சட்டைக் கோபம் தீரலையாக்கா, அவர் வேணாம்னா நான் நின்னுடுவேனா, அம்மாவைப் பாக்க நான் வந்தே தீருவேன்னு சொல்லிட்டு வெச்சிட்டா. மறுபடி போட்டா எடுக்க மாட்டேங்கிறா."

தையல்காரர் எழுந்துபோய் மிஷினில் உட்கார்ந்தார். துணி எதுவும் வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

தொடக்க விழா நாள் வந்தது. மேடையை வளைவை ஒட்டியே போட்டிருந்தார்கள். நாடா ஒரு மெத்தையில், குடைக்குக் கீழே, அலுவலக ஜீப்பில் வந்து இறங்கியது. கூட்டத்துக்கும் மேடைக்கும் நடுவே கம்பித் தடுப்பு. கேங்மேன் சொன்னது பொய்யில்லை. அதில் முகம் தெரிந்தது. தையல்காரர் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயில் பாலத்தைத் தாண்டி வந்து வளைவுக்கு முன்னால் நின்றது. இங்கே நின்று, பேச்சு முடிந்து, கொடி அசைத்த பிறகுதான் வளைவில் போக வேண்டும் என்று ஏற்பாடு. அதுவரை கதவுகள் பூட்டியிருக்கும். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் மகள் இருந்தாள். இளைத்திருந்தாள். கூட்டத்தில் கண்ணை ஓட்டி, அவரைக் கண்டுபிடித்து, வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் காதில் விழவில்லை. உதடு அசைந்ததை வைத்து, "அப்பா" என்றுதான் இருக்கும் என்று தையல்காரர் முடிவு செய்துகொண்டார்.

தலைவர் பேசத் தொடங்கினார்.

"பெரியோர்களே! தண்டவாளங்கள் என்பவை யார்? உடன்பிறந்த அண்ணன் தம்பிகள். சேர்ந்துவிடவும் கூடாது, பிரிந்துவிடவும் கூடாது. எங்கள் உள் பிரிவையும் வெளிப் பிரிவையும் பாருங்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல், ஒரு வாய் வார்த்தை இல்லாமல், இத்தனை காலம் எவ்வளவு அழகாக இணையாகப் போய்க்கொண்டிருக்கிறோம்!"

கைதட்டல்.

"நமக்கு முன்னால் இருந்தவர்கள் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள். கட்டிப்போட்டால்தான் கூட இருக்கும் என்றால் அது என்ன உறவு? நாங்கள் கம்பியைக் கழற்றினோம். தண்டவாளங்களை நம்பினோம். அந்தக் கம்பிகள் இன்று உங்களையும் எங்களையும் பிரித்து வைத்துப் பயனுள்ள பணி ஆற்றுகின்றன!"

அப்போது இஸ்திரிக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அண்ணே, அக்காவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சீக்கிரம்."

தையல்காரர் வீட்டுப் பக்கம் ஓரடி வைத்தார். அவள் கையைப் பிடித்தாள். "நீங்க மட்டும் வந்து என்ன பண்றது? அவளைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க." சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி ஓடினாள்.

தையல்காரர் தடுப்புக்குள் தலையை நுழைத்து வெளிப் பிரிவு அதிகாரியின் காலைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரு கதவை மட்டும் திறக்கச் சொல்லுங்க. என் பொண்ணு ஒருத்தி இறங்கினாப் போதும். அவ அம்மா கடைசி மூச்சுல இருக்கா."

அதிகாரிக்கும் அம்மா இருந்தவள்தான். அவர் கண் கலங்கியது. "எனக்குப் புரியுதுய்யா. ஆனா நிகழ்ச்சி நிரல்ல கதவு, கொடிக்கு அப்புறம்தான் வருது. இப்பத் திறந்தா விழா முடிஞ்சதா ஆயிடும். தலைவர் பேசிக்கிட்டிருக்கிறது விழா முடிஞ்சதுக்கு அப்புறம் பேசின பேச்சாயிடும். அவர் மனசு என்ன பாடுபடும், நினைச்சுப் பாருங்க."

தலைவர் நாடாவின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தம்முடைய வாழ்க்கை வரலாறு. பிறகு இரும்பின் வரலாறு. ஜன்னலில் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையால் வீட்டுப் பக்கம் காட்டினார், பிறகு நெஞ்சைக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பூட்டிய கதவைப் போய் இடித்தாள். அந்தச் சத்தத்தை மேடையில் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் கொடி அசைந்தது. வண்டி நகர்ந்தது, மெதுவாக, நடக்கிற வேகத்தில். என்ஜின் வளைவில் ஏறியது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அலுத்துப்போன மனிதர் பாயில் உட்காருகிற மாதிரி, என்ஜினும் அதன் பின்னால் பெட்டிகளும் வரிசையாக இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டன. யாருக்கும் அடியில்லை. ஒரு கிழவரின் கண்ணாடி மட்டும் கீழே விழுந்தது, அதுவும் உடையவில்லை.

என்ஜின் டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார், சக்கரம் தரையில நிக்குது."

உடனே பெட்டியைத் திறந்து நாடாவை எடுத்து அளந்தார்கள். சரியாக இருந்தது.

"டேப்பு சரின்னு சொல்லுதே," என்றார் தலைவர்.

"அப்ப டேப்பு மேல ஓட்டிக்கங்க சார்," என்று டிரைவர் இறங்கிவிட்டார். இறங்கும்போது சாவியால் பெட்டிக் கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டே போனார். இறங்கக் கூடாது, இது விபத்தும் இல்லை நிலையமும் இல்லை என்று உள் பிரிவு அதிகாரி கத்தினார். யாரும் கேட்கவில்லை.

மகள் ஓடி வந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். இரண்டு பேரும் தடுப்பை ஒட்டியே ஓடினார்கள். தடுப்பு முடியும் இடத்தில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு, நிற்காமல் வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

இஸ்திரிக்காரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

"இப்பத்தான்," என்றாள். "வண்டி நல்லபடியா வந்துச்சான்னு கேட்டாங்க. வந்துடுச்சுக்கான்னு சொன்னேன். சரின்னாங்க."

மகள் திரையை விலக்கி உள்ளே போனாள். தையல்காரரும் போனார். அம்மாவின் கால்மாட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து மகள், அழுது முடித்த குரலில் கேட்டாள்: "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. நான் வந்திருக்க மாட்டேனா?"

"பாதை சரியில்லம்மா," என்றார் தையல்காரர்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் விசாரணை நடந்தது. தண்டவாளங்கள் விலகவில்லை, சக்கரங்கள்தான் ஒன்றை ஒன்று நெருங்கி வந்துவிட்டன என்று கண்டுபிடித்து, இனி அப்படி நடக்காமல் இருக்க நெருக்கத் தடுப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கும் ஒரு மின்விசிறி கொடுத்தார்கள். தையல்காரருக்கு நாடாவைத் திருப்பித் தரவில்லை. அவர் அதன் பிறகு கண்ணளவில்தான் தைக்கிறார். ஜன்னலைக் கட்டுவதில்லை, காற்று வந்தால் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றே ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த ஊரில் ஆறும் இல்லை, ரயிலும் இல்லை. தையல்காரரின் மகள் குடியிருப்பது அடுத்த தெருவில்.